இல்லை, அல்ல

நாலு டிகிரியில் இருக்கவேண்டிய பெட்டி
காலையில் பதினெட்டைக் காட்டியது.
கோரிமேட்டில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
இன்வெர்ட்டர் மேலதிகாரி அறைக்கு மட்டும்.

உள்ளே சுண்டுவிரல் உயரப் புட்டி.
ஒரு சொட்டு ஒரு மூக்குத்தி என்பார்
கொள்முதல் கணக்கு எழுதும் மரியந்துவான்.
அதில் இருப்பது ஓர் எலியின் பகை.
மனிதத் தோலின் புரதத்தை ஊசியில் ஏற்றினார்கள்,
அது மறக்கவில்லை.
பகை தீராதிருக்க
சாகத் தெரியாத புற்றணு ஒன்றோடு சேர்த்துக் கட்டினார்கள்.
புற்றைத் தேடப் புற்றே பெற்ற பிள்ளை.

தோல், குடலின் உள்வரி, எச்சில் சுரப்பி, பால்குழாய்:
கெரட்டின் எங்கிருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டிய இடம் பழுப்பு. மற்றதெல்லாம் நீலம்.

இன்று 2217.
வீரபத்திரன், ஐம்பத்திரண்டு, கடலூர் முதுநகர்,
துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர்.
கழுத்துக் கட்டியில் வட்ட வட்டமாய் அணுக்கள்,
முகவரி இல்லாதவை.
தோல் வழி வந்தவையா, நிணநீர் வழியா?
அதைப் பொறுத்து மருந்து.
அதைப் பொறுத்து வருஷங்கள்.

ஸ்லைடுகளைக் குக்கரில் ஏற்றினேன்.
இன்னிக்கு என்ன குழம்பு என்றான்
ரத்தப் பிரிவுப் பையன், வழக்கம்போல.
மதியத்துக்குள் முடிந்தது. முழுக்க நீலம்.
இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஸ்லைடின் ஓரத்தில் எப்போதும் ஒரு டான்சில் துண்டு வைப்பேன்.
ஏதோ ஒரு சிறுவனுடையது. அவன் இப்போது பிளஸ் டூ படிக்கலாம்.
அதன் விளிம்பு பழுத்தே தீரவேண்டும்.
அதுவும் நீலம்.
சாட்சி தூங்கியிருக்கிறது,
நான் மௌனத்தை வாக்குமூலம் என்று எழுதப் பார்த்தேன்.

ஜன்னலில் வீரபத்திரனின் மச்சான்.
கையில் பஸ் டிக்கெட், ஈரச் சட்டை.
"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"
"இல்லைங்க."
அந்த இல்லை எந்தக் கணக்கிலும் சேராது.

மறுநாள் சென்னையிலிருந்து
ஈசிஆர் பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டி வந்தது.
திறந்தபோது ஐஸ் பாதி கரைந்திருந்தது.
ஐஸ் உடைக்கிறவரின் கழுத்துக்காக ஐஸ்.
மறுபடி மெழுகு கரைத்து, மறுபடி விசில்,
மறுபடி சொட்டு.

டான்சில் விளிம்பில்
டிகாஷன் வழிந்த கோடுபோல் பழுப்பு.
நடுவில் வீரபத்திரன்
நேற்றைப் போலவே நீலம்.
ஆனால் நேற்றைய நீலம் இல்லை இது.

தெரேஸ் டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.
கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார், இறக்கினார்.
ரிப்போர்ட் இங்கிலீஷில்தான் போகும்,
அங்கே இரண்டுக்கும் ஒரே சொல்.
எனக்குத் தமிழில்தான் கேட்கிறது:
கெரட்டின் இல்லை. அது நான் பார்த்தது.
கார்சினோமா அல்ல. அது அவர் சொல்லவேண்டியது.
நடுவில் ஒரு மனிதரின் கழுத்து.

"இல்லைவரைக்கும் வந்தாச்சு," என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
அல்ல என்பதற்கு இன்னொரு புட்டி வேண்டும்.

அது வேறு எலி.