ஒன்றிலிருந்து ஐந்து வரை

பதினெட்டுக் கேள்விகள். கட்டத்தில் எண் போட்டால் போதும்.

தாராவி மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பு.
புரொஜெக்டர் இயக்கத் தெரியுமா?
இரண்டு போட்டு, அடித்து, நான்கு போட்டார்
ஜெபக்கனி டீச்சர்.
"தெரியும் சார். பிளக் பாயிண்ட்தான்
வராண்டாவுல இருக்கு."

இணையவழி கற்பித்தல் அனுபவம்?
ஊரடங்கு வருஷம் முழுக்க
அப்பாக்கள் போனோடு வீடு திரும்பும்வரை
விழித்திருந்து,
ராத்திரி பத்துக்கு மேல்
ஏழாம் வாய்ப்பாட்டைக்
குரல்பதிவாக அனுப்பியவர்
ஒன்று என்று எழுதினார்.
திருத்தச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

என்ன பயிற்சி வேண்டும்?
தகரக் கூரையில் மழை.
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு:
தமிழ் டைப்பிங். இந்த
'ஞ' எங்கே இருக்கிறதென்று
யாராவது காட்டினால் நல்லது.

அந்தேரி அலுவலகத்தில்
அந்த வரியை ஆங்கிலத்தில்தான் ஏற்றினேன்.
எனக்கும் தெரியாது.