ஒப்புகை

பணகுடி தாண்டி நாலாவது காற்றாலைக்கு நேராக
வண்டி ஒருமுறை இருமியது.
பிறகு யாரோ தகரத் தட்டைக்
கிணற்றுக்குள் போட்ட சத்தம்.
ஆடிக் காற்று.
கண்ணுக்கெட்டிய வரை இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
என் பானெட்டுக்குள் மட்டும்
ஒன்றும் சுற்றவில்லை.

மேலப்பாளையம் பீர்மைதீன் மூடியைத் திறக்கவேயில்லை.
'எத்தன ஓடிருக்கு?'
எழுபத்தோராயிரம்.
'அப்ப சங்கிலிதான். டைமிங் சங்கிலி.
எழுபதுக்கும் எம்பதுக்கும் நடுவுல அறும்,
சொல்லி வச்சாப்ல.
உங்களோட பதினோரு வண்டி ஆச்சு எனக்கு.
கம்பெனிக்குத் தெரியும்மா.
தெரியாமலா புது வண்டியில
பல்லு வேற, சங்கிலி வேற போட்டு விடுதான்?'

வண்ணார்பேட்டை ஷோரூமில் ஏசி எலும்பைத் தொட்டது.
மேடம், உத்தரவாதம் முடிந்து நாற்பத்தோரு நாள்.
மேடம், மூன்றாவது சர்வீஸ் இருநூறு கிலோமீட்டர் தாமதம்.
மேடம், எந்த பங்கில் டீசல் போடுவீர்கள்?
ஜெபசிங் என்ற அந்தத் தம்பிக்கு
இருபத்துநாலு வயது இருக்கும்.
ஒவ்வொரு மேடத்துக்கும் ஒருமுறை
டையைச் சரி செய்துகொண்டான்.
மதிப்பீடு: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு.
அறுநூறு எதற்கு என்று கேட்டேன்.
கழுவித் தருவதற்காம்.

நான் பாளையங்கோட்டைத் தபால் நிலையத்தில்
மூன்றாம் நம்பர் கவுண்டர்.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் கோபத்தை எடைபோட்டு அனுப்புகிறவள்.
இந்த முறை என்னுடையது நாற்பத்திரண்டு கிராம்.
எனக்கு நானே ரசீது கிழித்துக்கொண்டேன்.

பதில் வழவழத் தாளில் வந்தது.
'தங்களுக்கு நேர்ந்தது ஒரு தனித்த நிகழ்வு.
எனினும் நல்லெண்ண அடிப்படையில்
உதிரிபாகங்களில் முப்பது சதவீதம்…'
நல்லெண்ணம்!
நல்லெண்ணெய் என்றாலாவது
ரெண்டு கரண்டி ஊற்றிப் பார்த்திருக்கலாம்.
அடியில் பொடி எழுத்து:
இந்தச் சலுகை பற்றி எவரிடமும் பேசமாட்டேன் என்று
நான் கையெழுத்திட வேண்டும்.

போடவில்லை.
போட்டுவிடலாம் என்று இரண்டு ராத்திரி நினைத்தேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.
சொசைட்டிக் கடன் இன்னும் இருபத்தாறு மாதம்.
நிற்கிற வண்டிக்கும்
தவணை மட்டும் ஓடுகிறது.

ஒன்பது கடிதம் போட்டேன்.
ஒன்பதுக்கும் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது,
வட்ட முத்திரையும் ஒரு கோணல் கையெழுத்துமாக.
காகிதம் கிடைத்ததை
ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கிறார்கள்.
காகிதத்தில் இருப்பதை
ஒருமுறையும் இல்லை.

நேற்று, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்,
சுரண்டைக்காரர் ஒருவர் வந்தார்.
சட்டைப்பையில் காய்கறி மண்டிச் சிட்டை.
தடித்த உறை, ஓரமெல்லாம் டேப்.
முகவரியை அடிக்க
விரல் தானாகப் போனது:
அதே தொழிற்பேட்டை. அதே பின்கோடு.
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு.
தராசில் ஐம்பத்தைந்து கிராம்.

ஒருவர் தபாலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.
வேலைக்குச் சேர்ந்த நாளில்
கையைத் தூக்கிச் சொன்ன உறுதிமொழி.
எத்தனை விவாகரத்து நோட்டீஸ்,
எத்தனை மொட்டைக் கடுதாசி,
எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே தங்கியிருக்கின்றன.

ரசீதை நீட்டினேன்.
அவர் பிடித்தார். நான் விடவில்லை.

'சங்கிலியா?' என்றேன்.

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார்.
பிறகு ஜன்னல் ஓட்டைக்குக் குனிந்து,
'ஏ யம்மா, உங்களுக்கும் அறுந்துட்டோ?'

அவர் வண்டி நின்றது ஆலங்குளம் மேட்டில்.
பழுது பார்த்தது தென்காசியில்.
அப்படியென்றால் பீர்மைதீனின் பதினொன்றில்
இவர் இல்லை.

சாப்பாட்டு இடைவேளைப் பலகையைத் திருப்பி வைத்தேன்.
ஒரு வெள்ளைத்தாள் எடுத்து
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்:
பெயர். ஊர்.
எத்தனையாவது கிலோமீட்டரில்.