புல எண் 214/3பி

உச்சிப்புளி விமானதளத்தின் அனுமதி கைக்கு வரப்
பதினெட்டு நாள்.
மூக்கையூரில் காற்று விழுந்திருப்பதோ
விடிந்து இரண்டு மணி நேரம்.

மணலில் சுண்ணாம்பால் கூட்டல் குறி போடுகிறேன்,
மேலிருந்து தெரியும்படி ஒன்பது இடத்தில்.
நாலாவதில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது.
எழுப்பினால் எழுந்து
ஐந்தாவதுக்குப் போகிறது.

தலையாரி வழிவிட்டான்
ஐஸ் பெட்டி மேல் புலப்படத்தை விரிக்கிறார்.
மடிப்பெல்லாம் கிழிந்த தாள்.
சங்கிலி போட்டு யாரோ இழுத்த கோடுகள்.
கடைசிக் கோட்டுக்கு அப்பால்
கடல் என்று ஒரே சொல்.
அதற்கு மட்டும் எல்லைக்கல் கிடையாது.
இப்போது அந்தச் சொல்
நாலு புல எண்களைத் தாண்டி
இந்தப் பக்கம் வந்து நிற்கிறது.

ஏற்றினேன். எண்பது மீட்டர்.
ஒரு படத்தின் முக்கால் பங்கை
அடுத்த படம் மூட வேண்டும்,
கூரைக்குக் கிடுகு வைக்கிற கணக்குத்தான்.
பருந்து ஒன்று இரண்டு முறை வந்து மோதப் பார்த்தது.
இறகில்லாததோடு என்ன சண்டை என்று
பிறகு போய்விட்டது.

தஸ்நேவிஸ் வந்தது அப்போதுதான்.
பட்டாவும் போன வருசத் தீர்வை ரசீதும்
பாலிதீன் உறைக்குள்.
‘இருநூத்திப் பதினாலுல மூணு பி.
மூணு சென்ட். அதையும் எடுங்க மேடம்.’
எங்கே என்றேன்.
கையை நீட்டினார்.
அலைதான் இருந்தது.
‘தீர்வை நாந்தான் கட்டுறேன்.
கடலா கட்டுது?’

வழிவிட்டான் வேறு பக்கம் பார்த்தார்.

தண்ணீரைத் தைக்க முடியாது அண்ணே, என்றேன்.
இந்தப் படத்தில் இருக்கிற அலை
அடுத்த படத்தில் இருக்காது.
மணலில் கல் கிடக்கும், முள் கிடக்கும்,
ஒற்றைச் செருப்பு கிடக்கும்,
அதை அடையாளம் வைத்து ஒட்டிக்கொள்ளும்.
அலையில் எதைப் பிடித்து ஒட்டும்?
ஓட்டையாகத்தான் வரும்.

‘அடையாளந்தானே வேணும்?’
வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.
இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டு
சாரத்தை இறுக்கிக் கட்டி உட்கார்ந்தார்.
அடுப்படி இருந்த இடம் என்று
அங்கிருந்து கத்தினார்.
பாதியைக் காற்று தின்றது.
மீதி கேட்டது.

கடைசி பேட்டரி. இருபத்திரண்டு நிமிடம்.
ஐந்து தடவை அவர் தலைக்கு மேலே போனேன்.
ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து,
ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கும்போது பார்ப்பதுபோல்
அசையாமல் பார்த்தார்.
அசைந்தது வள்ளம்தான்.

சாயல்குடி விடுதியில் ராத்திரி முழுக்க
மடிக்கணினி கொதித்தது.
அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
விடியும்போது கரை வந்திருந்தது:
கருவேலங்காடு, காயப்போட்ட வலையின் நீலம்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் யாரோ மறந்த தலையணை,
நாலாவது குறியில் நாய்,
ஐந்தாவதிலும் அதே நாய்.
கடல் தொடங்குமிடத்தில்
வெள்ளை வெள்ளையாகக் கிழிசல்.
கிழிசலின் ஓரத்தில் வள்ளம்.
ஒன்றல்ல.
கயிறு விட்ட தூரத்துக்கு அது ஆடிய ஆட்டத்தில்
ஐந்து வள்ளம்,
பாதி கரைந்த ஐந்து தஸ்நேவிஸ்.

பிழை.
அறிக்கையில் பிழை இருக்கக் கூடாது.
ஐந்து பேரையும் வளைத்து அழித்தேன்.
கிழிசலில் நீலம் நிரப்பி
நீர்ப்பரப்பு என்று பெயர் கொடுத்தேன்.
அலுவலகத்துக்குப் போகிறது அதுதான்.

அழிப்பதற்கு முன் அச்செடுத்த தாள் ஒன்று
என் பையில் எப்படியோ இருந்தது.

டீக்கடையில் கொடுத்தேன்.
கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்,
பிறகு விரல் வைத்து எண்ணினார்.
‘நாலு மூலைக்கு நாலு பேரு.
நடுவுல ஒருத்தன்.
சரியாத்தான் அளந்திருக்கீங்க.’

பட்டாவுக்கும் ரசீதுக்கும் இடையில் செருகி
உறையின் வாயை இரண்டாக மடித்தார்.
டீக்குக் காசு அவரே கொடுத்தார்.