பூச்சியக் கல்

ஒல்ட்டன் நிலையத்தில் ஒரு கல் நிற்கிறது.
தண்டவாளங்களின் தூரத்தை
ஒரு காலத்தில் அதிலிருந்துதான் எண்ணினார்களாம்.
மேடையில் கல்லருகே நிற்க எங்களுக்கு அனுமதி இல்லை.
சுரங்கப்பாதை வாசலில் நிற்கலாம்:
இருபது பேர், நாற்பது நிமிடம்,
ஒலிபெருக்கி கூடாது.

முதல் வியாழன் ஒன்பது பேர்.
இரண்டாவது வியாழன் மழை, ஆறு பேர்.
பிறகு ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்தது,
எத்தனை பேரென்று எங்களுக்கே தெரியவில்லை.

ஃபில்மோன் சாகவில்லை.
அதனால் பேப்பரில் நாலு வரி.
தோள் எலும்பு முறிந்ததை
'பரிசோதனையின்போது ஏற்பட்ட உபாதை' என்றார்கள்.
வயது பத்தொன்பது, பேக்கரியில் பயிலுனர்.
விடிய மூன்று மணிக்கு வேலை தொடங்குகிறவனை
விடிய மூன்று மணிக்கு ஏன் நடக்கிறாய் என்று
மறித்திருக்கிறார்கள்.
பையில் இருந்தது வெள்ளை உடுப்பும்
மா ஒட்டிய சப்பாத்தும்.

நான் அப்போது ஏழாம் தடத்தில்
ரயில் பெட்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.
துடைத்த கண்ணாடி. நன்றாகத் தெரிந்தது.
கண்டேன் என்று சொல்ல
எனக்குப் பதினொரு நாள் எடுத்தது.
என் அட்டை, எஃப் அட்டை, பி, பிறகு சி
என்று இருபத்திரண்டு வருடம் ஏறிய படிகளை
ஒவ்வொரு இரவும்
மேலிருந்து கீழாக எண்ணிப் பார்த்தேன்.

ரேகுலா வீட்டிலிருந்து பழைய படுக்கை விரிப்பு கொண்டுவந்தாள்.
ஜெர்மனில் அவளே எழுதினாள்.
பஸ் ஓட்டும் பெசார்த் அல்பேனிய மொழியில்,
ஃபில்மோனின் தாய் லெத்தெபர்ஹான் திக்ரிஞாவில்.
மூலையில் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது.
'உங்கட மொழியிலும் எழுதுங்கோவன்' என்று
தூரிகையை என்னிடம் நீட்டினார்கள்.

முதல் எழுத்தை எழுதினேன்.
லெத்தெபர்ஹான் குனிந்து பார்த்தாள்.
பேச்சுக்குத்தான் கேட்டாள்:
எங்களை உங்கள் மொழியில் என்னவென்று சொல்வீர்கள்?

சாப்பாட்டு மேசையில்,
தேர் பார்க்க நிற்கிற வரிசையில்,
சீட்டுக் காசு கட்டுகிற வீட்டில்
சிரித்துக்கொண்டே நாங்கள் சொல்லும் அந்தச் சொல்
சோற்றில் அகப்பட்ட கல்லாய்ப்
பல்லுக்கடியில் வந்து நின்றது.

'எரித்திரியர்' என்றேன்.
அவள் தலையாட்டினாள்.
பொய் இல்லைத்தான்.
துணியில் அப்போது
'நீ' மட்டும் இருந்தது.

அதே நாக்குத்தான்
கலியாண மண்டபத்தில் என்னைக் கேட்கும்:
ஊரில எந்தப் பக்கம்?
கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?
கேட்டவருக்குத் திசை தெரியாமலில்லை.
நான் பதில் சொன்ன பிறகு
மற்றவர்களுக்குப் பீங்கானில் வந்த தேத்தண்ணி
எனக்குக் கடதாசிக் கோப்பையில் வந்தது.
சீனி அளவாகத்தான் போட்டிருந்தார்கள்.
குடித்தேன்.

'தி' கோணலாக விழுந்தது.
ஒருவருக்கும் அது தெரியாது.
அந்த வாரம் முழுக்க
எந்தப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாலும்
அந்தக் கோணல் தெரிந்தது.

அடுத்த வியாழன் அவளிடம் சொன்னேன்.
சொல்லையும் சொன்னேன்,
எப்போதெல்லாம் சொல்வோம் என்பதையும்.
என் குழப்பமான ஜெர்மனில்
அது இன்னும் அசிங்கமாகக் கேட்டது.
லெத்தெபர்ஹான் நெடுநேரம் பேசவில்லை.
விரிப்பின் தன் பக்கத்து முனையை
அவள் விடவும் இல்லை.
பிறகு சொன்னாள்:
எங்களிடமும் ஒன்று இருக்கிறது,
எங்களிலும் கறுத்தவர்களுக்கு.
இன்றைக்கு வேண்டாம்.

அனுமதி முடிய நாலு நிமிடம்.
பெசார்த் பனிக்குள் நடந்து நடந்து
தோள்களைத் தொட்டு எண்ணினான்.
பதினேழு, பதினெட்டு.
பத்தொன்பதாவது ஆளிடம் போனவன்
கையை இழுத்துக்கொண்டான்.
சீருடை.
அவரும் எங்களை
எண்ணிக்கொண்டிருந்தார்.