வருது

ஆறு வருஷமாக வரக்கூடாதென்று வேண்டியதை
இப்போது வரச்சொல்லிக் காத்திருக்கிறோம்.
தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மேலே கேமரா, கீழே என் மகள் தன்ஷிகா,
தலையில் இருபத்தைந்து ஒயர்.
அறை முழுக்கப் பசைவாடை.
ஒயரெல்லாம் சேர்த்துத் துணி சுற்றிக் கட்டியதும்
கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள்.
"மாப்ள மாதிரி இருக்கேன்பா."

மாத்திரையை நேற்றுப் பாதியாக்கினார்கள்.
இன்றைக்குக் கால்.
காலை எட்டு, ராத்திரி எட்டு என்று
அலாரம் வைத்து ஊட்டிய பூங்கோதை
மிச்ச முக்காலைக் காகிதத்தில் மடித்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்,
எறிய மனசில்லாமல்.

வந்தால்தான் தெரியுமாம்
எங்கே கிளம்புகிறதென்று.
சரிதான்.
கரையில் எங்கே கசிகிறதென்று
தண்ணீர் வந்த பிறகுதான் நாங்களும் பார்ப்போம்.
வெண்ணாற்றில் லஸ்கர் நான்.
இந்த வருஷம் திறப்புக்கு நானில்லை.
நேற்று போன் வந்தது:
"ஏழாம் நம்பர் ஷட்டர் இறங்க மாட்டேங்குதுண்ணே."
கிரீஸ் போடு என்றேன். வேறென்ன சொல்ல.

மத்தியானம் ஒரு மேடம் வந்து
படங்களாகக் காட்டிப் பெயர் கேட்டார்.
முதலை சொன்னாள். ஏர் சொன்னாள்.
பனிக்கட்டியில் கட்டிய வீடு ஒன்று வந்தது.
"கவுத்த சட்டி" என்றாள்.
மேடம் சிரித்தார்.
சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.
எழுதியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பத்து வார்த்தை.
அரைமணி நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.
ஆறு வந்தது.
ஏணி, தேங்காய், பித்தளை, சாவி
நாலும் வரவில்லை.
சாவி எப்படி மறந்தது?
பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், மன்னார்குடித் தேரடியில்
விழுந்தபோதெல்லாம் யார் யாரோ
அவள் கையில் திணித்தது அதைத்தானே.

டாக்டர் மெஹருன்னிசா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
மூளைக்குள் கடல்குதிரை போல ஒரு துண்டாம்,
பக்கத்துக்கு ஒன்று.
இடப்பக்கத்தது சுருங்கிக் கிடக்கிறதாம்.
எடுத்துவிடலாம், ஒருவேளை.
பேச்சும் ஞாபகமும் அந்தப் பக்கம்தானா,
வேறெங்காவது நகர்ந்திருக்கிறதா,
அது தெரிந்தாக வேண்டும்.
எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன்:
"அத அடைச்சா எந்தக் கடைமடை காயும்மா?"
உடனே பதில் வரவில்லை.
"அதத்தான் தேடுறோம்" என்றார்.

நாலாம் ராத்திரி.
தூங்கவிடக் கூடாதென்று உத்தரவு.
போனில் பாம்பு விளையாட்டு,
அப்புறம் என்னோடு விடுகதை,
அப்புறம் சண்டை.
மூன்றே முக்காலுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
"வருது" என்றாள்.

பூங்கோதை பித்தானை அமுக்கினாள்.
போர்வையை விலக்கச் சொல்லியிருந்தார்கள்,
கேமராவுக்குத் தெரிய. நான் விலக்கினேன்.
உதடு சப்புக்கொட்டியது.
வலக்கை முறுக்கிக்கொண்டு நின்றது.
இடக்கை சட்டைப் பித்தானைத் திருகியது, திருகியது.
"பாப்பா, உன் பேரென்ன?
மஞ்சப் பூனை. ஞாபகம் வச்சுக்க, மஞ்சப் பூனை"
என்று நர்ஸ் குனிந்து கத்தினார்.
அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த பையன்
திரையைப் பார்த்துவிட்டு
"நல்லா கிடைச்சிருக்கு சார்" என்றான்.
நான் சிரித்திருக்கிறேன்.
கேமராவில் அதுவும் இருக்கும்.

அடங்கியது.
நர்ஸ் ஒரு பேனாவை முகத்துக்கு நேரே பிடித்தார்.
இதென்ன?
பார்த்தாள். அவளுக்குத் தெரிகிறது,
கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.
"அது... அது..."
கையால் எழுதிக் காட்டினாள்.
"அது..."
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
"பேனா" என்றாள், யாரோ எறிந்து பிடித்த மாதிரி.
நாலு நிமிஷம் பதினோரு விநாடி என்று குறித்தார்கள்.
பூனை கடைசிவரை வரவில்லை.

அந்த நாலு நிமிஷத்துக்கு என்ன அர்த்தமென்று
வெள்ளிக்கிழமை எல்லா டாக்டரும் கூடிப் பேசுவார்களாம்.
அதுவரை சொல்ல முடியாதாம்.

பூங்கோதை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
காகிதத்துக்குள் பாதி மாவாகியிருந்தது.
"இதக் குடுக்கலாமா சிஸ்டர், இப்ப?"