சாப்பிட்டோர் எண்ணிக்கை

எட்டு பத்து டவுன் பஸ்ல
திருமங்கலத்திலருந்து வருவாக இந்துராணி டீச்சர்.
மடியில ஹார்லிக்ஸ் பாட்டில்,
அதுக்குள்ள ஈரத்துணி சுத்தின நாத்து.
இதுக்கும் டிக்கெட் போடவான்னு
கண்டக்டர் ஒருநாள் கேட்டானாம்.
எனக்குத்தான் ஓசி, இதுக்கு அரை டிக்கெட் கிழி,
வளர்ற பிள்ளைன்னாகளாம்.

முதல்ல எனக்குப் பிடிக்கலை.
இருபத்திரண்டு பிள்ளைக்குச் சோறாக்கி
ஏனம் கழுவி நிமிர்றப்போ
ஒரு கட்டு அரைக்கீரையைக் கொண்டாந்து போட்டு
"மண்ணு போக மூணு தண்ணி அலசுங்க சோலையக்கா"ன்னா
யாருக்குத்தான் பிடிக்கும்?

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சுக்காந்தரை.
கடப்பாரை போட்டா தீப்பொறி பறக்கும்.
மேக்க பார்த்தா சதுரகிரி மட்டும்தான் பச்சை.
டீச்சர் மண்ணை விலைக்கு வாங்கலை.
முதியோர் பென்ஷன், பட்டா மாத்தல்,
ரேஷன் கார்டுல மருமக பேரு,
எல்லாத்துக்கும் மனு எழுதிக் குடுப்பாக.
மனுவுக்கு ஒரு கூடை எரு கூலி.
கண்மாய் வண்டல்னா கூடைக்கு ரெண்டு மனு.

மேலத்தெரு மாட்டுச் சாணியும்
எங்க காலனி ஆட்டுப் புழுக்கையும்
ஒரே குழியில விழுந்து ஆறு மாசம் வெந்துச்சு.
எது யார் வீட்டுதுன்னு ஒருத்தரும் கேக்கலை.

சோத்துக்குத்தான் கேட்டாக.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள்
வீட்டுச் சோத்தோட ஏழு டப்பா வந்துச்சு.
வயித்துக்கு ஒத்துக்கலையாம்.
ஏழு வயிறும் ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சு.
நோட்டுல எழுதினேன்:
வருகை இருபத்திரண்டு. சாப்பிட்டோர் பதினஞ்சு.
டீச்சர் கையெழுத்துப் போட்டாக.
ஒண்ணும் சொல்லலை.
அதுல எனக்கு வருத்தம்தான்,
இப்பவும் கொஞ்சம் கிடக்கு.

ஐஸ் குச்சியில பேரெழுதி
ஆளுக்கு ஒரு செடி நட்டாக.
வீட்டுக்குக் கிளம்புறப்போ
பாட்டில்ல மிச்சமிருக்கிற தண்ணி
அவங்கவங்க செடிக்கு.
லோகித்துக்கு விழுந்தது கத்திரி.
ஏழு டப்பாவுல ஒரு டப்பா அவன்.
வாய்ப்பாடு வராது, ஆனா
இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அசுவினியை விரலால நசுக்குவான்.
முதல் பூ விட்டதுக்கு மறுநாள்
ஏழு மணிக்கே வந்து
பூட்டின கேட்டைப் பிடிச்சு நின்னான்.

தை மாசம் ஒரு புதன்கிழமை
சட்டையை மடிச்சுப் பிடிச்சுக்கிட்டு
சமையல்கட்டு வாசல்ல வந்து நிக்கிறான்.
பதினோரு கத்திரிக்காய்.
"என்னோடது. எனக்குத்தான் போடணும்."
சாம்பார்ல போயிருச்சுன்னா
எது உன்னோடதுன்னு எப்படிடா தெரியும்னேன்.
யோசிச்சான்.
"காம்போட போடுங்க. நான் கண்டுபிடிச்சுக்குவேன்."

காம்பு கிள்ளாம நாலாக் கீறிப் போட்டேன்.
மத்தியானம் டப்பா பைக்குள்ளயே இருந்துச்சு.
தட்டெடுத்து வரிசையில உக்காந்தான்.
ஒவ்வொரு காம்பாத் தேடி
சோத்தைக் கிளறினான்,
பக்கத்துத் தட்டையும் எட்டிப் பார்த்தான்.
டீச்சர் முதுகைக் காட்டிக்கிட்டு
ஆடு நுழையாம வேலி கட்டிக்கிட்டிருந்தாக.
ஒரே முடிச்சை
ரொம்ப நேரமாப் போட்டாக.

பதினாறுன்னு எழுதுறப்போ
பேனா மை இறங்கலை.
மேல மேல ரெண்டு தரம் எழுதினேன்.

சாயங்காலம் அவன் ஆத்தா வந்துச்சு.
கேட்டுக்குள்ள வரலை.
டீச்சர் வெளிய போய் நின்னு
அரைமணி நேரம் பேசினாக.
என்ன பேசினாகன்னு எனக்குத் தெரியாது.
மறுநாள் டப்பாவோடதான் வந்தான்.
அதுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வரலை.
திங்கக்கிழமை வெறுங்கையா வந்து
தட்டு எங்கன்னு கேட்டான்.

இந்த வருசமும் மூணு டப்பா வருது.
சாதனா டப்பாவிலருந்து மாவடு இங்கிட்டு வரும்,
இங்கிட்டிருந்து அரை முட்டை அங்கிட்டுப் போகும்.
நோட்டுல அதுக்குக் கட்டம் கிடையாது.

இன்னிக்கும் கீரை வந்திருக்கு, பெரிய கட்டு.
"தண்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க சோலையக்கா,
பொடிசா நறுக்கினா சேர்த்துரலாம்."
நறுக்குறேன்.
விடமாட்டாக, இந்த டீச்சர்.