கடல்முள்ளி

கடியபட்டணம் பாறையடியில்
சிப்பி குளிக்க இறங்கினேன்.
என் நிழல் விழுந்ததும்
முட்களெல்லாம் என் பக்கம் திரும்பின.
கண் என்று ஒன்று கிடையாது அதற்கு.

ஐந்து பல்.
பாறையைக் கொறித்துத் தேயத் தேய
முளைக்கும் பல்.
குஞ்சாய் இருந்தபோது தோண்டிய குழிக்குள்
கொழுத்துவிட்டது;
இனி வாசல் வழியே வர முடியாது.
வந்துதான் என்ன செய்ய?
ஆனிக்கடல் தூண்டில் வளைவுக் கல்லையே
உருட்டிய இரவிலும்
நூலைவிட மெலிந்த கால்களால்
உறிஞ்சிப் பிடித்தபடி இருந்திருக்கும்.
பாசி வீடுதேடி வருகிறது.

உளியை நீட்டினேன்.
கட்டைவிரலில் ஒரு முள்ளை உடைத்துவைத்துவிட்டு
மறுபடி பாறையாகிவிட்டது.

மூச்சு முட்டியது எனக்குத்தான்.
வள்ளத்திலிருந்து ததேயு கேட்டான்:
"எத்தனை கிட்டிச்சு?"
விரலைக் காட்டினேன்.
ஒன்று என்று எண்ணிக்கொண்டான்.